விடுப்புக் கடிதத்தில் எழுதாத காரணம்

எண்பதுகளின் அரசு அலுவலகங்களில் விடுப்புக் கடிதம் எழுதித் தருவதற்கென்றே கைராசிக்காரர் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் ஹெட் கிளார்க். பக்கத்து மேஜைக்காரர் நாலு நாளாக ஒரே கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதும், வந்த டீயை ஆறவிடுவதும் அவர் கண்ணில் பட்டிருக்கும். "என்னப்பா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று ஒரு வார்த்தை கேட்பார். அதற்கு மேல் தோண்ட மாட்டார். முழுத்தாளை எடுத்து, இடப்பக்கம் மடித்து மார்ஜின் விட்டு, 'மஞ்சள் காமாலை' என்று எழுதிவிடுவார்.

மஞ்சள் காமாலையில் இரண்டு வசதி. மூன்று வாரம் கேட்டாலும் மேலதிகாரி மறுக்க மாட்டார். தொற்றிக்கொள்ளுமோ என்ற பயத்தில் யாரும் வீடு தேடி வந்து நலம் விசாரிக்கவும் மாட்டார்கள். சான்றிதழ் தர பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டாக்டர் இருப்பார். வேலைக்குத் திரும்பும்போது தகுதிச் சான்றும் அவரே தருவார். மூன்று வாரம் தூங்காமல் புரண்டவர், கீழாநெல்லி சாப்பிட்டுக் குணமானவராக மறுபடி மேஜைக்கு வருவார்.

உண்மையை எழுதியிருந்தால் அது பணிப்பதிவேட்டில் ஏறியிருக்கும். பதவி உயர்வுப் பட்டியல் போடும் நாளில் யாராவது ஒருவர் குனிந்து அடுத்தவர் காதில் சொல்லியிருப்பார். பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர்கள் அப்பாவைப் பற்றி அலுவலகத்தில் விசாரிக்க வரும்போதும் அது வெளியே வந்திருக்கும். சென்னையில் 'கீழ்ப்பாக்கம்' என்ற இடப்பெயரே வசவாக இருந்த காலம் அது. 1794இல் தொடங்கி, பின்னால் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறிய அந்த மனநல மருத்துவமனைக்கு 1961இல் பொறுப்பேற்ற டாக்டர் சாரதா மேனன், நோயாளியைப் பூட்டி வைக்கும் இடம் என்ற பெயரை மாற்றப் பாடுபட்டார். 1984இல் அவர் சென்னையில் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' அமைப்பு, மனச்சிதைவிலிருந்து மீண்டவர்களுக்குத் தொழில் பயிற்சியும் தந்தது. குணமானவர் வேலைக்குப் போகலாம், போக வேண்டும் என்று அன்றைக்குச் சொன்னவர்கள் மிகச் சிலரே.

அன்றைய பணியிடத்துக்கு நோயைக் கையாளத் தெரியவில்லை. ஆனால் நேரத்தைக் கையாளத் தெரிந்திருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி, நாளுக்கு 9 மணி என்று வரம்பு கட்டியது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேண்டீன் வேண்டும், 500 பேர் இருந்தால் நலன் அலுவலர் வேண்டும் என்றது. கோவை மில்களில் சங்கு ஊதினால் ஷிப்ட் முடிந்தது. மேஸ்திரியின் குரல் வீடுவரை வராது. கேட்டுக்கு வெளியே சங்க அலுவலகம் இருந்தது. அங்கே போய் அரைமணி நேரம் யாரையாவது திட்டித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இதை நான் பொற்காலமாக்கவில்லை. அதே மில்லில் பஞ்சுத்தூசி நுரையீரலை அடைத்தது. மேலாளரின் கை நீண்டால் ஒரு பெண் எங்கே போய்ச் சொல்வாள் என்ற கேள்விக்கு, 1997இல் விசாகா தீர்ப்பு வரும்வரை பதிலே இல்லை. அதற்குச் சட்டம் வர 2013 ஆனது.

இன்று காகிதத்தில் இருப்பதைப் பார்த்தால் அந்த ஹெட் கிளார்க் வாயடைத்துப் போவார். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உடல் நோய்க்கும் மன நோய்க்கும் சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்கிறது. மருத்துவ விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. காப்பீட்டு நிறுவனங்களும் இரண்டையும் ஒன்றாகவே நடத்த வேண்டும் என்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்டவரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கவோ, பதவியில் இறக்கவோ முடியாது. அந்தச் சட்டத்தின் குறைபாடுகள் பட்டியலில் மனநோயும் உண்டு. 2021 டிசம்பரில் மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒருவரின் நடத்தைக்கு அவருடைய மனநலக் குறைபாடும் ஒரு காரணமாக இருக்கும்போது, அதைக் கணக்கில் எடுக்காமல் துறை நடவடிக்கை எடுப்பது பாகுபாடு என்றது. 'வேலையில் கவனமில்லை', 'மேலதிகாரியை எதிர்த்துப் பேசினார்' என்று மெமோ வாங்கியவர்களில் எத்தனை பேர் உண்மையில் நோயாளிகள் என்று நம் அலுவலகங்கள் யோசித்ததே கிடையாது. அந்தத் தீர்ப்பை ஒவ்வொரு பணியமைப்புப் பிரிவும் படிக்க வேண்டும்.

2021இல் தமிழகக் காவலர்களுக்கு வார விடுமுறை ஆணை வந்தது. 2022 அக்டோபரில் 14416 என்ற இலவச மனநல ஆலோசனை எண் வந்தது. பழைய மகாபலிபுரம் சாலைக் கண்ணாடிக் கட்டடங்களில் மனநல நாள் கொண்டாடுகிறார்கள். லிஃப்டுக்குப் பக்கத்தில் 'பேசுங்கள், நாங்கள் கேட்கிறோம்' என்று போஸ்டர் இருக்கிறது.

ஆனாலும் விடுப்பு எடுக்கிறவர் கணினியில் என்ன எழுதுகிறார்? 'வைரல் ஃபீவர்.'

மஞ்சள் காமாலை போய் வைரல் ஃபீவர் வந்திருக்கிறது. முப்பது வயதுப் பெண். டீம் லீட். காலையில் லேப்டாப்பைத் திறக்கும்போதே நெஞ்சு படபடக்கிறது. மருத்துவரைப் பார்த்தாகிவிட்டது, மாத்திரையும் சாப்பிடுகிறாள். நண்பர்களிடம் 'ஆங்சைட்டி' என்று கூச்சமில்லாமல் சொல்கிறாள். அவள் அம்மாவால் 'நரம்புத் தளர்ச்சி' என்றுகூடச் சத்தமாகச் சொல்ல முடிந்திருக்காது. ஆனால் மேனேஜரிடம் மட்டும் காய்ச்சல். கம்பெனி தந்திருக்கும் ஆலோசகரிடம் போகலாமே என்றால், "அது ஹெச்.ஆருக்குப் போகாதுன்னு என்ன நிச்சயம்? மார்ச்ல அப்ரைசல் இருக்குக்கா" என்கிறாள். அவள் பயத்தை வெறும் பிரமை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. அன்றைக்குப் பதவி உயர்வுப் பட்டியல், இன்றைக்கு அப்ரைசல்.

இதற்கிடையில், அன்றைக்குச் சரியாக இருந்த ஒன்றையும் நாம் கைவிட்டுவிட்டோம். சங்கு ஊதுவது நின்றுபோய்விட்டது. அலுவலக வாட்ஸ்அப் குழு இரவு பதினொரு மணிக்கும் விழித்திருக்கிறது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் தொழிலதிபர் நாராயண மூர்த்தி வாரத்துக்கு 70 மணி நேரம் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்பிரமணியன் 90 மணி நேரம் என்றார். லிஃப்ட் அருகே ஒட்டிய போஸ்டர் இந்தப் பேச்சுக்கு முன்னால் எம்மாத்திரம்?

மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுக்கு 1,200 கோடி வேலை நாட்களை இழக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மனிதாபிமானம் புரியாத முதலாளிக்கும் இந்தக் கணக்கு புரியும். அந்த நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் ஊழியருக்கு மூச்சுப் பயிற்சி கற்றுத் தருவதோடு நிற்கவில்லை. வேலைப்பளுவையும் வேலை நேரத்தையும் சரிசெய்யச் சொல்கின்றன. கீழே வேலை செய்கிறவரின் தவிப்பை அடையாளம் காண மேலாளர்களுக்குப் பயிற்சி தரச் சொல்கின்றன. விடுப்பு முடிந்து திரும்புகிறவரைப் படிப்படியாக வேலைக்குள் கொண்டுவரச் சொல்கின்றன. நம் நிறுவனங்கள் இதில் மலிவானதை மட்டும் பொறுக்கிக்கொண்டன. யோகா வகுப்புக்கு ஆள் வருகிறார். டார்கெட் அப்படியே இருக்கிறது. கால் முறிந்த பஸ் டிரைவர் 'லைட் டூட்டி' கேட்டால் டிப்போவில் யாரும் சிரிப்பதில்லை. மனம் முறிந்து திரும்பியவருக்கு அதைக் கேட்க வாய் வருமா?

என் கணக்கில், ஓர் அலுவலகம் மாறிவிட்டதா என்பதை அதன் சுவரொட்டியை வைத்துச் சொல்ல முடியாது. அங்கே ஒருவர் மேலாளரிடம் 'மனநல மருத்துவரைப் பார்க்கப் போகிறேன்' என்று சொல்லிவிட்டு விடுப்பு எடுத்து, அடுத்த ஆண்டு பதவி உயர்வும் பெற்றிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அப்படி ஒருவர் இருந்தால் போதும், அடுத்தவர் பொய்க்காய்ச்சல் எழுத மாட்டார்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் அலுவலகக் குழுக் காப்பீட்டை எடுத்துப் பாருங்கள். மருத்துவமனையில் படுத்தால்தான் பெரும்பாலான பாலிசிகள் பணம் தரும். மனநல சிகிச்சையோ பெரும்பாலும் படுக்கையில் நடப்பதில்லை, மாதாமாதம் டாக்டரைப் பார்ப்பதிலும் மாத்திரையிலும் ஆலோசனையிலும்தான் நடக்கிறது. அந்தச் செலவு முழுக்க உங்கள் பையிலிருந்து போகிறது. பாலிசியைப் புதுப்பிக்கும் முன் புறநோயாளிச் செலவையும் சேர்க்கச் சொல்லி ஹெச்.ஆருக்கு எழுதுங்கள். தனியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் பத்துப் பேராகக் கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள்.