கடலின் நிறமும் செய்மதி அளவீடும்

கடல் நீலமென்பது பொதுவழக்கு. ஆயின், வாகரைக் கரையோரக் கடலை நோக்குவார்க்கு அதன் நிறம் பலவாதல் புலனாகும். ஆழ்கடல் கருநீலமாயும், கரையோரம் பசுமையாயும், மாரியில் வெருகலாற்று வெள்ளம் கலக்குமிடம் மண்ணிறமாயும் தோன்றும். இவ்வேறுபாடுகளை விண்ணிலிருந்து அளந்து, கடலின் வளத்தை அறிய முயல்வதே கடல்நிற ஆய்வாகும்.

தூய நீர் செவ்வொளியை விரைந்து உறிஞ்சி, நீலவொளியைச் சிதறச்செய்கின்றது. நீரில் மிதக்கும் நுண்ணிய தாவரப் பிளாந்தன்களிலுள்ள பச்சையமோ நீலவொளியை மிகுதியாக உறிஞ்சிப் பச்சையொளியைப் பெரிதும் விட்டுவிடுகின்றது. ஆகவே, கடலினின்று மேலெழும் இவ்விரு ஒளிகளின் விகிதத்தைக் கொண்டு, ஒரு கன மீற்றர் நீரில் எத்தனை மில்லிகிராம் பச்சையம் உண்டெனக் கணிக்கலாம். உலகின் ஒளித்தொகுப்பில் ஏறத்தாழப் பாதி இந்நுண்தாவரங்களால் நிகழ்வது; கடல்மீன்களின் உணவுத்தொடரும் இவற்றிலேயே தொடங்குகின்றது.

1978 இல் ஏவப்பட்ட நிம்பசு-7 செய்மதியே இவ்வளவீட்டுக்குரிய கருவியை முதன்முதலிற் சுமந்து சென்றது. 1999 இல் இந்தியா ஏவிய ஓசன்சாற்-1, எட்டு அலைநீளப் பட்டைகளில், ஏறத்தாழ 360 மீற்றர் நுணுக்கத்துடன் கடலை நோக்கிற்று. சோளகக் காலத்தில் இலங்கையின் தென்கரையில் ஊட்டம் மிகுந்த அடிநீர் மேலெழுதலும், ஆங்குப் பிளாந்தன் பெருகுதலும் செய்மதிப் படங்களால் தெளிவாயின.

எனினும், வாகரை போன்ற களப்புக் கரைகளில் இம்முறை எளிதிற் பிழைபடும். கண்டற்காட்டு இலைகள் அழுகிக் கரைந்த மஞ்சட் பொருளும் பச்சையம் போன்றே நீலவொளியை உறிஞ்சும். வண்டல் ஒளியைச் சிதறச்செய்யும். ஆழமற்ற இடத்து வெண்மணலும் தன் ஒளியைக் கலக்கும். எனவே, பிளாந்தன் குறைந்த நீரும் செழித்த நீராகக் கணிக்கப்படலாம். பனிச்சங்கேணிப் பகுதியின் ஒடுங்கிய நீர்ப்பரப்பில், படத்தின் ஒரு புள்ளிக்குள் நிலமும் நீரும் ஒன்றாய் அடங்கிவிடும். வெள்ளம் மிகுந்து, அளவீடு மிகவும் வேண்டப்படும் வாடைக்காலத்திலோ முகில் கடலை மறைக்கும்.

ஆதலின், செய்மதி கடக்கும் அதே நாளிற் படகிற் சென்று நீரெடுத்து, வடிகட்டி, பச்சையத்தை ஆய்வுகூடத்தில் அளந்து ஒப்பிடுதல் இன்றியமையாதது. அவ்வூர் நீருக்குரிய கணிப்புமுறை அதனாலேயே உருவாகும். பிழைபட்ட படத்தை நம்பிக் கடலேறும் மீனவன் எரிபொருளையும் ஒருநாள் உழைப்பையும் இழப்பான். விண்ணிலிருந்து காண்பதை நீரிலிறங்கிச் சரிபார்த்த பின்னரே அது அவனுக்குப் பயன்படும் அறிவாகும்.