நீதிமன்றத்தில் பொதுமக்களுக்கு ஓர் இருக்கை

ஒருவர் குற்றம் செய்தாரா, இல்லையா என்பதை யார் முடிவு செய்ய வேண்டும்? சட்டம் படித்த நீதிபதியே முடிவு செய்ய வேண்டும் என்பது இன்று மலேசியாவில் உள்ள நடைமுறை. ஆனால், 1995ஆம் ஆண்டுவரை நிலைமை வேறாக இருந்தது. மரண தண்டனை விதிக்கத்தக்க வழக்குகளில் அந்த முடிவை ஏழு பேர் சொன்னார்கள். அவர்கள் நீதிபதிகள் அல்லர், வழக்கறிஞர்களும் அல்லர். பள்ளி ஆசிரியராகவோ வங்கி ஊழியராகவோ கடைக்காரராகவோ இருந்தவர்கள். அந்த வழக்கு முடிந்ததும் மீண்டும் தத்தம் வேலைக்கே திரும்பிப் போனவர்கள். இவர்களுக்கு ஜூரி என்று பெயர். தமிழில் நடுவர் குழு என்றும் சொல்வதுண்டு.

ஜூரியாகப் பணியாற்றுவது விருப்பப்பட்டால் செய்யும் தொண்டு அன்று. நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தால் போயே ஆக வேண்டும்; தக்க காரணமின்றி வராதவருக்கு அபராதம் விதிக்கலாம். வந்தவர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுப்பார்கள். எடுத்த பெயருக்குரியவர் நடுநிலை தவறக்கூடும் என்று கருதினால், குற்றம் சாட்டப்பட்டவர் ஆட்சேபம் தெரிவிக்கலாம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் உறுதிமொழி எடுத்துக்கொண்டு, சாட்சிகள் சொல்வதைக் கேட்பார்கள். இறுதியில் நீதிபதி அவர்களுக்குச் சட்டத்தை விளக்குவார். பின்னர், அவர்கள் தனி அறையில் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்பது நீதிபதியின் பொறுப்பு. உண்மையில் நடந்தது என்ன என்பது ஜூரியின் பொறுப்பு. இந்தப் பிரிவினைதான் ஜூரி முறையின் அடிப்படை.

இந்தப் பணிக்கு எவ்வளவு மன உறுதி வேண்டும் என்பதை 1670ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த ஒரு வழக்கு காட்டுகிறது. வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற இருவர் தெருவில் நின்று சமயச் சொற்பொழிவு ஆற்றியதற்காகக் கைது செய்யப்பட்டனர். அவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்லும்படி நீதிபதிகள் ஜூரியை வற்புறுத்தினார்கள். பன்னிரண்டு பேரும் மறுத்தார்கள். அவர்களை உணவும் நீரும் இல்லாமல் அறைக்குள் பூட்டி வைத்தார்கள், அபராதமும் விதித்தார்கள். எட்வர்ட் புஷல் என்பவர் அபராதத்தைச் செலுத்த மறுத்துச் சிறைக்குப் போனார். ஜூரி தன் மனச்சான்றின்படி சொல்லும் தீர்ப்புக்காக அதைத் தண்டிக்கக் கூடாது என்று மேல் நீதிமன்றம் பின்னர் அறிவித்தது. புஷல் ஒரு சாதாரணக் குடிமகன்; அந்த வழக்கில் அவருக்குச் சொந்த இலாபம் எதுவுமில்லை.

மலாயாவுக்கு ஜூரி முறை ஆங்கிலேயருடன் வந்தது. 1807ஆம் ஆண்டு அரச சாசனத்தால் பினாங்கில் நீதிமன்றம் அமைந்தது. 1826இல் அந்த ஏற்பாடு மலாக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் விரிந்தது. ஆனால், பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகியவை சேர்ந்த கூட்டு மலாய் மாநிலங்களில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வேறு முறை இருந்தது. அங்கே நீதிபதியின் பக்கத்தில் அசெசர் எனப்பட்ட துணைநடுவர் இருவர் அமர்ந்தார்கள். இவர்கள் கருத்துச் சொல்வார்கள். அதை ஏற்க வேண்டிய கட்டாயம் நீதிபதிக்கு இல்லை.

இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். 1952ஆம் ஆண்டு ஈப்போவில், அவசரகாலச் சட்டத்தின்கீழ் ஓர் இளம்பெண் மீது வழக்கு நடந்தது. துணைநடுவர் இருவருமே அவர் குற்றவாளி அல்லர் என்றார்கள். நீதிபதி அதை ஏற்கவில்லை. மறு விசாரணைக்கு உத்தரவிட்டார். இரண்டாம் முறை துணைநடுவர்களுள் ஒருவர் ஐரோப்பியர். இருவரின் கருத்தும் மாறுபட்டது. நீதிபதி ஐரோப்பியரின் கருத்தோடு உடன்பட்டு மரண தண்டனை விதித்தார். பின்னர், பேராக் சுல்தான் அந்தத் தண்டனையைக் குறைத்தார். பக்கத்து நாற்காலியில் அமர்பவர் யார் என்பது ஓர் உயிரின் கேள்வியாக இருந்தது.

நெகிரி செம்பிலானின் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்கள் அந்த நாற்காலியில் அமர்ந்தார்களா? சிரம்பான், போர்ட்டிக்சன், ரெம்பாவ், பகாவ் வட்டாரங்களில் பல தோட்டங்கள் இருந்தன. கங்காணிகள் மூலம் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் அங்கே இலயங்களில் குடியிருந்தனர். ஆங்கில ஆட்சிக்கால நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். ஆகவே, நடுவராக அமர்பவருக்கும் ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் சில ஆண்டுகள் மட்டும் படித்த பால்மரம் வெட்டுபவருக்கு அந்தக் கதவு தானாகவே மூடியிருந்தது. அவர் நீதிமன்றத்துக்குள் போனால், குற்றவாளிக் கூண்டிலோ சாட்சிக் கூண்டிலோதான் நிற்க முடியும். அங்கும் அவருடைய சொல் மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் நீதிபதியைச் சென்று சேரும்.

சொற்களைப் பெயர்த்துவிடலாம். வாழ்க்கையைப் பெயர்ப்பது அவ்வளவு எளிதன்று. ஒரு சாட்சி, “பெரட்டு முடிந்ததும் அவரைப் பார்த்தேன்” என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். தோட்டத்தில் பிறந்தவருக்கு அது எந்த நேரம் என்று உடனே தெரியும். பொழுது விடியுமுன்னே தொழிலாளர்கள் வரிசையாக நின்று பெயர் கொடுக்கும் இடம் பெரட்டுக்களம். காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும் என்பதால் அவ்வளவு சீக்கிரம் வேலை தொடங்கும். அப்படியானால், அந்தச் சாட்சி அவரைப் பார்த்தது அரை இருட்டில். முகம் சரியாகத் தெரிந்திருக்குமா என்று கேட்க வேண்டும். நகரத்து நடுவருக்கு இந்தக் கேள்வி தோன்றாமலே போகலாம். அதுபோல, ஒருவர் கையில் கத்தியோடு நடந்து போனார் என்றால் நகரத்தில் அது அச்சமூட்டும் செய்தி. தோட்டத்தில் பால்வெட்டும் கத்தி இல்லாமல் வேலைக்குப் போகிறவரைக் கண்டால்தான் வியப்பு. தன்னைப் போன்றவர்களால் விசாரிக்கப்படும் உரிமை ஏன் இவ்வளவு பெரியதாகக் கருதப்பட்டது என்பது இங்கே விளங்கும்.

தோட்ட மக்களிடம் நியாயம் பேசும் பழக்கம் இல்லாமல் இல்லை. சிறு வழக்குகளைத் தீர்க்கப் பஞ்சாயத்து இருந்தது. கடனைத் திருப்பித் தராதது, கணவன் மனைவி பூசல், கோழித் திருட்டு, குடித்துவிட்டு வந்து இலயத்தில் கலாட்டா செய்தது போன்றவை கோயிலடியில் பேசித் தீர்க்கப்பட்டன. தவறு செய்தவர் கோயிலுக்குத் தண்டம் கட்டுவார். அல்லது எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்பார். போலீசுக்குப் போக வேண்டியதில்லை. நகரத்துக்குப் போய் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதும் இல்லை. இருப்பினும், இதை ஜூரியோடு ஒப்பிடும்போது கவனம் தேவை. பஞ்சாயத்தில் அமர்ந்தவர்கள் குலுக்கல் முறையில் வந்தவர்கள் அல்லர். கங்காணி, மண்டோர், கோயில் தலைவர் என்று ஏற்கனவே செல்வாக்குள்ளவர்களே பெரும்பாலும் அமர்ந்தார்கள். பெண்களின் வழக்கையும் ஆண்களே பேசினார்கள். கங்காணியைப் பற்றியே ஒருவருக்குக் குறை இருந்தால், அவர் யாரிடம் போய்ச் சொல்வார்?

பெயரைக் குலுக்கி எடுக்கும் முறையும் தமிழர்களுக்குப் புதியதன்று. காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஏரியையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்ளும் வாரியங்களுக்கு உறுப்பினர்கள் இப்படித்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அது வழக்கு விசாரிக்கும் ஜூரி அன்று, ஊர் நிருவாகம். ஆனால், பொதுப்பணிக்கு ஆள் எடுக்கும்போது பணமும் செல்வாக்கும் தலையிடக் கூடாது என்ற எண்ணம் இரண்டிலும் ஒன்றே. இன்னொன்றும் ஒன்றே: குடத்தில் பெயர் இடுவதற்குச் சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும், வயது 35க்கு மேல் இருக்க வேண்டும். உழுது பிழைத்த கூலியாளின் பெயர் அந்தக் குடத்திலும் விழவில்லை.

மொழித் தடையை நீக்க முடியும் என்பதற்கு இலங்கை ஓர் எடுத்துக்காட்டு. அங்கே ஜூரிப் பட்டியல் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மொழிவாரியாக உள்ளது. ஜூரி முன்னிலையில் விசாரணை நடக்கும்போது, எந்த மொழி பேசும் ஜூரி வேண்டும் என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவர் தேர்ந்தெடுக்கலாம். ஆனாலும், ஜூரி விசாரணை இன்று அங்கே அரிதாகிவிட்டது.

மலாயா விடுதலை பெற்றபின், மரண தண்டனைக்குரிய வழக்குகளில் ஜூரி முறை தீபகற்பத்தின் மற்ற மாநிலங்களுக்கும் வந்தது. இருந்தும் அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1975இல் கொண்டுவரப்பட்ட பாதுகாப்பு வழக்கு விதிமுறைகளின்படி, துப்பாக்கி தொடர்பான கடுங்குற்றங்களை நீதிபதி மட்டுமே தனியாக விசாரித்தார். 1995இல் சட்டம் திருத்தப்பட்டு ஜூரி முறை முழுவதும் நீக்கப்பட்டது. பகாங், தெமர்லோ உயர் நீதிமன்றத்தில் ஏழு பேர் கொண்ட ஜூரியின் முன் நடந்த ஒரு கொலை வழக்கு, நாட்டின் கடைசி ஜூரி வழக்குகளுள் ஒன்று.

ஏன் நீக்கினார்கள்? ஜூரி தன் முடிவுக்குக் காரணம் சொல்வதில்லை. நீதிபதி எழுத்தில் காரணம் தருவார், அதில் பிழை இருந்தால் மேல்முறையீட்டில் சுட்டிக்காட்டலாம். பரபரப்பான வழக்குகளில் செய்தித்தாள்களும் வதந்திகளும் சாதாரண மக்களின் மனத்தை மாற்றக்கூடும். வழக்கறிஞரின் நாவன்மைக்கும் அவர்கள் மயங்கக்கூடும். சிங்கப்பூரின் லீ குவான் இயூ இதைத் தம் அனுபவத்திலேயே கண்டவர். 1950இல் நடந்த மரியா ஹெர்தோக் கலவரத்தில் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட நால்வருக்காக அவர் இளம் வழக்கறிஞராக வாதாடினார். கொலைக் குற்றத்திலிருந்து அவர்களை விடுவிக்க முடிந்தது. ஆனால், அந்த வெற்றி அவருக்கு ஜூரி முறை மீதிருந்த நம்பிக்கையைக் குறைத்தது. அவருடைய ஆட்சிக்காலத்திலேயே சிங்கப்பூரில் ஜூரி முறை நீக்கப்பட்டது. இந்தக் காரணங்களில் வலு இருக்கிறது. அதே வேளையில், பெரட்டுக்களத்தை அறிந்த ஒருவர் நடுவராக அமரும் வாய்ப்பும், அது முழுமையாகக் கைகூடுவதற்கு முன்பே போய்விட்டது.

இன்று நெகிரி செம்பிலான் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. தோட்ட மக்களின் பிள்ளைகள் பலர் சிரம்பானிலும் நீலாயிலும் வாழ்கிறார்கள். நீதிமன்றத்தில் குடிமக்கள் ஆற்ற வேண்டிய பணி மட்டும் முடிந்துவிடவில்லை.

அவற்றுள் முதன்மையானது சாட்சி சொல்வது. விபத்தையோ அடிதடியையோ கண்ணால் பார்த்தவர், “நமக்கேன் வம்பு?” என்று ஒதுங்கினால், குற்றவாளி தப்பலாம், அதைவிட மோசமாக, குற்றம் செய்யாதவர் மாட்டிக்கொள்ளலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 111, 112ஆம் பிரிவுகளின்படி, வழக்கைப் பற்றி அறிந்தவரைப் போலீசார் அழைத்து வாக்குமூலம் பெறலாம். நீதிமன்றத்தின் அழைப்பாணை வந்தால் போக வேண்டும். மலாய்மொழி சரளமாக வராதவர் தமிழிலேயே சாட்சி சொல்லலாம், மொழிபெயர்ப்பாளர் இருப்பார். மிரட்டலுக்கு ஆளாகக்கூடிய சாட்சிகளுக்காக 2009ஆம் ஆண்டு சாட்சிப் பாதுகாப்புச் சட்டம் உள்ளது.

தொழில் தகராறுகளில் தொழிலாளர் தரப்புக்கு ஓர் இருக்கை கிடைத்தது. போருக்குப் பின் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் தொழிற்சங்கத்தை வளர்த்தவர்களுள் பி.பி. நாராயணன் முக்கியமானவர். 1954இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின்கீழ் அமைந்த தொழிலியல் நீதிமன்றத்தில், தலைவருடன் முதலாளிகள் தரப்பில் ஒருவரும் தொழிலாளர் தரப்பில் ஒருவரும் அமர இடமுண்டு. ஒருகாலத்தில் கங்காணியின் சொல்லே முடிவாக இருந்த சூழலோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பழைய துணைநடுவரின் சாயல் இன்னும் தெரியும் இடம் சிறார் நீதிமன்றம். 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின்படி, பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் வழக்கை விசாரிக்கும் மாஜிஸ்திரேட்டுக்கு ஆலோசகர் இருவர் துணை நிற்பார்கள். அவர்களுள் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். அந்தந்த மாநிலத்தில் வசிப்பவர்களின் பட்டியலிலிருந்து அவர்களை அமைச்சர் நியமிக்கிறார். குற்றம் செய்தாரா, இல்லையா என்று அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. குற்றம் உறுதியானபின், அந்தப் பிள்ளைக்கு எத்தகைய உத்தரவு பொருந்தும் என்று மாஜிஸ்திரேட்டுக்குக் கருத்துக் கூறுவார்கள். தேவைப்பட்டால் பெற்றோருக்கும் அறிவுரை சொல்வார்கள். அந்தப் பிள்ளையின் வீட்டுச் சூழலும் வட்டாரமும் எப்படிப்பட்டவை என்று தெரிந்த ஒருவர் அங்கே இருந்தால், பள்ளியைவிட்டு நின்றுபோன ஒரு பதினைந்து வயதுப் பையனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்புவதா, பெற்றோரின் பொறுப்பில் வீட்டுக்கே அனுப்புவதா என்ற கேள்விக்கு அவரால் உதவ முடியும்.