தொப்பியில் ஒரு பிளாஸ்டிக் சின்னம்... அசலா, போலியா?

பிரிட்டனில் நடக்கும் ராணுவப் பழம்பொருள் சந்தைகளில் மேசை நிறைய பித்தளைத் தொப்பிச் சின்னங்கள் பளபளக்கும். அவற்றின் ஓரத்தில் சில நேரம் சாக்லேட் நிறத்திலோ சாம்பல் நிறத்திலோ ஒரு பிளாஸ்டிக் துண்டு கிடக்கும். குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் என்றுதான் புதியவர்கள் நினைப்பார்கள். அனுபவசாலிகள் அதைக் கையில் எடுத்ததுமே திருப்பி, பின்பக்கத்தைப் பார்ப்பார்கள்.

ஏனென்றால் அது விளையாட்டுச் சாமான் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாயின் தொப்பியில் இருந்த பேட்ஜ்!

பாத்திரமும் போருக்குப் போனது

போர் என்றால் துப்பாக்கியும் பீரங்கியும் மட்டுமல்ல, உலோகப் பஞ்சமும்தான். விமானம் செய்ய அலுமினியம் வேண்டும், வீட்டுப் பாத்திரங்களைக் கொடுங்கள் என்று 1940 ஜூலையில் பிரிட்டிஷ் அரசு இல்லத்தரசிகளிடம் கேட்டது. வாணலியும் கெட்டிலும் குவிந்தன. பூங்காக்களையும் வீடுகளையும் சுற்றியிருந்த இரும்புக் கம்பி வேலிகளும் அறுத்து எடுக்கப்பட்டன.

பித்தளையின் கதையும் இதுதான். துப்பாக்கித் தோட்டாவின் உறை செய்ய, சுமார் 70 சதவிகிதம் செம்பும் 30 சதவிகிதம் துத்தநாகமும் கலந்த பித்தளை தேவை. தொப்பிச் சின்னங்களும் பெரும்பாலும் பித்தளையிலும் வெண்ணிற உலோகக் கலவையிலும்தான் செய்யப்பட்டன. ஒரு பேட்ஜுக்குச் சில கிராம்தானே என்று தோன்றலாம். ஆனால், போர் முடியும்போது அந்த ராணுவத்தில் சுமார் 29 லட்சம் பேர் இருந்தார்கள். 1941-42 வாக்கில் பிளாஸ்டிக் பேட்ஜ் வந்தது இப்படித்தான்.

பளபளக்காத பெருமை

பிரிட்டிஷ் சிப்பாய்க்குத் தொப்பிச் சின்னம் என்பது குலச்சின்னம் மாதிரி. தன் படைப்பிரிவின் பெயர், வரலாறு, பெருமை எல்லாம் அதில்தான். தினமும் துடைத்து மினுக்குவது ஒரு சடங்கு. பிளாஸ்டிக்கை எவ்வளவு தேய்த்தாலும் பளபளக்குமா? கீழே விழுந்தால் உடையவும் செய்யும். பலருக்கு அது பிடிக்கவே இல்லை. கைக்காசு போட்டு உலோகச் சின்னம் வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. போர் முடிந்ததும் ராணுவம் மீண்டும் உலோகத்துக்கே போனது.

அன்று யாரும் பொக்கிஷமாகப் பாதுகாக்காத பொருள் இது. அதனால், நல்ல நிலையில் இருக்கும் அரிய படைப்பிரிவுச் சின்னங்களை இன்று தேடி அலைகிறார்கள். தேடல் இருக்கும் இடத்தில் போலியும் வந்துவிடுகிறதே!

குக்கர் கைப்பிடி இல்லை

இந்தச் சின்னங்களை ‘பேகலைட் பேட்ஜ்’ என்றே பலரும் சொல்கிறார்கள். பேகலைட் என்பது பழைய மின் ஸ்விட்ச்சிலும் குக்கர் கைப்பிடியிலும் பார்க்கிற கெட்டியான கறுப்புப் பொருள். பேட்ஜ்கள் செய்யப்பட்டது செல்லுலோஸ் அசிடேட் என்ற வேறு வகை பிளாஸ்டிக்கில். விற்பவர் ‘பேகலைட்’ என்று சொன்னால் உடனே போலி என்று முடிவுகட்ட வேண்டாம். அது பழகிப்போன பெயர்.

முதுகு சொல்லும் ஜாதகம்

அசலைக் கண்டுபிடிக்க சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது பின்பக்கம். தொப்பித் துணிக்குள் நுழைத்து மடக்க, அங்கே இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கும். அவை பிளாஸ்டிக்கோடு சேர்த்தே அச்சில் பதிக்கப்பட்டவை. பசை போட்டு ஒட்டியது போலத் தெரிந்தால் சந்தேகம்தான். மடக்கி நிமிர்த்தி, தகடு உடைந்துபோன அசல்களும் ஏராளம். எனவே, தகடு இல்லை என்பதற்காக ஒதுக்கிவிட முடியாது.

அடுத்தது, தயாரிப்பாளர் பெயர். வால்சால் நகரின் ஏ. ஸ்டான்லி அண்ட் சன்ஸ், லண்டனின் ஃப்ரேசர் அண்ட் கிளாஸ் ஆகிய நிறுவனங்களின் முத்திரை அடிக்கடி கண்ணில் படும். ஆனால், முத்திரையையும் நகல் எடுக்கலாம். பெயர் இருப்பதாலேயே அசல் ஆகிவிடாது.

மூன்றாவது, நிறம். அசலில் நிறம் பிளாஸ்டிக்கோடு கலந்தது. உள்ளே வரை ஒரே நிறம். பழைய கீறலில் வேறு நிறம் எட்டிப் பார்த்தால், மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நான்காவது, அளவு. அசலிலிருந்து அச்சு எடுத்து ரெசின் ஊற்றிச் செய்யும் நகல், காயும்போது இம்மியளவு சுருங்கும். அசலோடு சேர்த்து வெர்னியர் காலிப்பரில் அளந்தால் வித்தியாசம் தெரியலாம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் நகலில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள் இருக்கும். எழுத்தின் விளிம்புகள் மழுங்கியிருக்கும்.

ஊசியைச் சூடாக்கிக் குத்திப் பார்க்கும் வைத்தியம் மட்டும் வேண்டாம். அசலாக இருந்தால், சோதனையே அதைக் கெடுத்துவிடும்.

ராஜா யார்?

பிறகுதான் முன்பக்கம். போர்க்கால மன்னர் ஆறாம் ஜார்ஜ். பொறியாளர் படையின் சின்னத்தில் ‘ஜி’, ‘ஆர்’ எழுத்துகளோடு ரோமன் எண்ணில் 6 இருக்கும். அந்த இடத்தில் 1936-ல் மறைந்த ஐந்தாம் ஜார்ஜின் எண் இருந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

கிரீடத்திலும் ஒரு துப்பு உண்டு. போர்க்காலச் சின்னங்களில் மேல்பகுதி குவிமாடம் போல உயர்ந்த டியூடர் கிரீடம் இருக்கும். நடுவில் பள்ளம் விழுந்த கிரீடம், 1952-ல் அரியணை ஏறிய எலிசபெத் காலத்தில் வந்தது. பள்ளம் விழுந்த கிரீடத்தோடு ‘போர்க்கால பிளாஸ்டிக் பேட்ஜ்’ என்று யாராவது விற்றால், வாங்காமல் நகர்ந்துவிடலாம்.

பொருள் அசல், கதை?

இதையெல்லாம் விட சிக்கலானது குடும்பக் கதை. “டன்கர்க் கடற்கரையிலிருந்து தப்பி வந்தபோது தாத்தா தொப்பியில் இருந்தது இதுதான்” என்று பெருமையாக ஒரு பிளாஸ்டிக் பேட்ஜைக் காட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். டன்கர்க் மீட்பு நடந்தது 1940 மே, ஜூனில். பிளாஸ்டிக் பேட்ஜ் வந்தது அதற்குப் பிறகு.

தாத்தா பொய் சொன்னாரா? அவசியமில்லை. அவர் டன்கர்க்கில் இருந்திருக்கலாம். பேட்ஜும் அவருடையதாகவே இருக்கலாம். பின்னால் கிடைத்த பொருளோடு முன்னால் நடந்த கதை ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு தலைமுறை தாண்டினால் இது சகஜம். சம்பளப் புத்தகம், தேதி போட்ட புகைப்படம், கடிதம் என ஏதாவது ஒன்று கூட இருந்தால் முடிச்சு அவிழும். விலையை விட அந்தக் காகிதம்தான் குடும்பத்துக்குச் சொத்து.

வினிகர் வாசனை வருகிறதா?

செல்லுலோஸ் அசிடேட் வயதாகும்போது சிதைந்து, வினிகர் போலப் புளித்த வாசனை விடும். வளையும், சுருங்கும். அந்த அமிலம் பக்கத்தில் இருக்கும் உலோகத்தையும் அரிக்கும். அதனால் காற்றுப் புகாத டப்பாவில் பூட்டக் கூடாது. அமிலமற்ற காகிதத்தில் சுற்றி, ஈரமில்லாத குளிர்ந்த இடத்தில் காற்றோட்டமாக வைக்க வேண்டும். வாசனை வர ஆரம்பித்தால் மற்றவற்றிலிருந்து பிரித்துவிட வேண்டும். நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைக்கவே கூடாது. அதில் இருக்கும் அசிட்டோன் இந்த பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

கூடவே ஒரு சின்னச் சீட்டு வைக்கச் சொல்கிறார்கள் அனுபவசாலிகள். யாருடையது, யார் கொடுத்தார், எப்போது கிடைத்தது என்று பென்சிலில் நான்கு வரி போதும். தெரியாததைத் தெரியாது என்றே எழுதலாம். நாளைக்கு அந்த பேட்ஜைத் திருப்பிப் பார்க்கப்போகும் பேத்திக்கு, தாத்தாவைப் பற்றித் தேட ஆரம்பிக்க அந்த நான்கு வரி உதவும்.