தூக்கத்தில் ஒலிக்காத எச்சரிக்கை மணி

சுங்கை பட்டாணி, கூலிம் பக்கத் தோட்டங்களில் அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டப் போகும் தாய்மார்கள், விடியுமுன்னே குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வார்கள். நன்றாக இருந்த குழந்தை தூக்கத்திலேயே இறந்துபோனால், 'காற்று கருப்பு அடித்துவிட்டது' என்பார்கள். இன்று 'பால் புரையேறிவிட்டது' என்கிறோம். 'தாய் சரியாகப் பார்க்கவில்லை' என்ற பழி மட்டும் அப்படியே இருக்கிறது.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை திடீரென இறந்து, பிரேதப் பரிசோதனையிலும் காரணம் தெரியாவிட்டால், அதை மருத்துவர்கள் 'திடீர் சிசு மரணம்' என்கிறார்கள். இரண்டு முதல் நான்கு மாதக் குழந்தைகளிடையே இது அதிகம்.

மாணவர்களே, மூளைத் தண்டின் அடிப்பகுதியிலுள்ள முகுளத்தை, அதாவது மெடுலா ஒப்லோங்காட்டாவை, நீங்கள் அறிவீர்கள். சுவாசத்தையும் இதயத் துடிப்பையும் கட்டுப்படுத்துவது அதுதான். குப்புறப் படுத்த குழந்தையின் முகம் மெத்தையில் அழுந்தினால், தான் வெளிவிட்ட காற்றையே அது மீண்டும் சுவாசிக்கிறது. இரத்தத்தில் கரிவளி கூடுகிறது, உயிர்வளி குறைகிறது. உடனே முகுளம் எச்சரிக்க, குழந்தை விழித்துத் தலையைத் திருப்பும், அழும். இந்த எச்சரிக்கைக்கு உதவும் இரசாயனங்களுள் ஒன்று செரோட்டோனின்.

அமெரிக்காவின் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ஹன்னா கின்னியின் குழுவினர், இப்படி இறந்த குழந்தைகளின் மூளைத் தண்டை ஆராய்ந்தனர். முகுளத்தில் செரோட்டோனின் அளவு, வேறு காரணங்களால் இறந்த குழந்தைகளைவிட ஏறக்குறைய 26 விழுக்காடு குறைவாக இருந்ததாக 2010இல் அறிவித்தனர். எல்லா மரணங்களுக்கும் இதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், மணி இருந்தும் அது ஒலிக்காத குழந்தைகள் உண்டு என்பதற்கு இது வலுவான சான்று. பிறந்தவுடன் செய்யும் சோதனைகளில் இக்குறை தெரியாது. எந்தத் தாயாலும் இதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

குறையை மாற்ற முடியாவிட்டாலும், மணி அடிக்க வேண்டிய சூழ்நிலையைத் தவிர்க்கலாம். மல்லாக்கப் படுக்க வைப்பதும், சிகரெட் புகை படாமல் காப்பதும் அதற்காகத்தான். 1994இல் அமெரிக்காவில் மல்லாக்கப் படுக்க வைக்கும் பிரச்சாரம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் இம்மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அதற்கு முன், குப்புறப் போடச் சொன்னவர்களில் மருத்துவர்களும் இருந்தார்கள்!

"மல்லாக்கப் போட்டால் புரையேறுமே" என்று பாட்டி கேட்பார். ஒரு படம் வரைந்து காட்டுங்கள். மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். எதுக்களித்த பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் புவியீர்ப்பை எதிர்த்து மேலேற வேண்டும். குப்புறப் படுத்தால் நிலைமை தலைகீழ்.

ஏணையைப் பற்றியும் கேட்பீர்கள். நானும் அதில் ஆடி வளர்ந்தவன்தான். ஆனால் துணி வளைந்து தொங்குவதால், கழுத்து நிற்காத குழந்தையின் தாடை நெஞ்சில் படிந்து மூச்சுப்பாதை குறுகக்கூடும். தட்டையான, அமுங்காத மெத்தையையே குழந்தை மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர்; தலையணை, பொம்மை எதுவும் பக்கத்தில் வேண்டாம்.