ஐப்பசியில் ஊர் நெருங்கி வருகிறது

பாடநூலில் 'இலையுதிர் காலம்' என்று படித்திருப்பீர்கள். ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ வேலூரிலோ இருந்துகொண்டு அதைப் படிக்கும் மாணவருக்கு ஓர் ஐயம் எழவேண்டும். ஐப்பசியில் நம் ஊரில் எந்த மரம் இலையை உதிர்க்கின்றது? புங்கமும் வேம்பும் மழையில் குளித்துப் பச்சைப்பசேலென்று நிற்கின்றன. ஜவ்வாது மலைக் காடுகள் இலை உதிர்ப்பது தை பிறந்த பிறகுதான். அதுவும் குளிருக்கு அஞ்சியன்று. மண்ணில் ஈரம் குறையக் குறைய, இருக்கும் நீரை இலை வழியே ஆவியாக இழந்துவிடாமல் காத்துக்கொள்ளவே அவை உதிர்க்கின்றன.

ஆகவே ஐரோப்பியரின் இலையுதிர் காலம் நமக்கு இல்லை. அந்த மாதங்களில் நமக்கு உள்ளது கூதிர். நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்து, ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் இட்ட பெயர் அது. ஆனால் அவர்கள் தம் இலையுதிர் காலத்தைப் பற்றிச் சொல்லும் ஒரு செய்தி நம் கூதிருக்கும் அப்படியே பொருந்துகிறது. மனிதர் வீட்டுக்குள் ஒடுங்குவர், சூடாக எதையாவது குடிப்பர், பழங்கதை பேசுவர்.

இது ஏன்? பகல் குறைவதால் மனம் சோர்கிறது என்பது மேல்நாட்டார் தரும் விடைகளுள் ஒன்று. இலண்டனில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒன்பது மணி நேர வேறுபாடு. வேலூர் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 13 டிகிரிக்குச் சற்றுக் குறைவான தொலைவில் உள்ளது. இங்கு நீண்ட பகல் 12 மணி 53 நிமிடம். குறுகிய பகல் 11 மணி 21 நிமிடம். ஒன்றரை மணி நேரக் குறைவுக்காக யாரும் திண்ணையில் அமர்ந்து பழைய நாட்களை எண்ணிப் பெருமூச்சு விடப்போவதில்லை. வேறு காரணம் இருக்கவேண்டும். எனக்குத் தோன்றும் காரணத்தைச் சொல்கிறேன். கூதிரில் ஊர் நம்மை நெருங்கி வருகிறது. இது வெறும் பேச்சு அன்று, இயற்பியல்.

இரயில் கூவும் ஓசை

என் சிறு வயதில் எங்கள் வீடு ஆம்பூரில் இரயில் பாதைக்கு மேற்கே, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. சென்னையிலிருந்து ஜோலார்பேட்டைக்குச் செல்லும் பாதை அது. கோடைப் பகலில் இரயில் போவதே தெரியாது. ஐப்பசி இரவில், மழை விட்ட பிறகு, அது எங்கள் வாசற்படி ஓரமாகவே போவதுபோலக் கேட்கும். "ரயிலு கிட்டக் கேக்குது, நாளைக்கும் மழைதான்" என்பார் ஆயா.

காற்று சூடாக இருந்தால் ஒலி விரைந்து செல்லும். குளிர்ந்தால் வேகம் குறையும். 30 டிகிரி செல்சியசில் நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர். 20 டிகிரியில் 343 மீட்டர். கோடைப் பகலில் தரை கொதிக்கிறது. தரையை ஒட்டிய காற்று சூடு. மேலே போகப்போகக் குளிர்ச்சி. ஆகவே ஒலியலையின் அடிப்பகுதி முந்திக்கொள்ள, அலை மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடுகிறது. மழைக்குப் பின் வானம் தெளிந்த இரவில் கதை தலைகீழ். தரை தன் வெப்பத்தை வானில் கதிர்வீசி இழக்கிறது. அதை ஒட்டிய காற்று முதலில் குளிர்கிறது. போதாக்குறைக்கு, ஒரு பக்கம் ஜவ்வாது மலையிலிருந்தும் மறுபக்கம் பேர்ணாம்பட்டுப் பக்கத்து மலைகளிலிருந்தும் குளிர்காற்று சரிந்து பாலாற்றுப் பள்ளத்தாக்கில் வந்து தங்குகிறது. கீழே குளிர், மேலே சற்றுச் சூடு. இதனை வெப்பநிலைத் தலைகீழ் அடுக்கு என்பர். இப்போது அலையின் மேற்பகுதி முந்துகிறது. ஒலி கீழ்நோக்கி வளைந்து நம் காதுக்கே வந்து சேர்கிறது.

சரி, ஆயாவின் மழைக்குறி? அதிலும் பாதி உண்மை உண்டு. தரையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு, மேலே மிகுதி. எனவே காற்று வீசும் திசையில் செல்லும் ஒலியும் கீழ்நோக்கி வளையும். பாதை எங்களுக்குக் கிழக்கே இருந்தது. மழை கொண்டுவரும் காற்றும் கடலிருக்கும் கிழக்கிலிருந்தே வீசியது. பாதைக்குக் கிழக்கே குடியிருந்த ஓர் ஆயா இதே குறியைச் சொல்லியிருந்தால் பெரும்பாலும் பொய்த்திருக்கும்.

தளர்ந்த பறை, தளர்ந்த யாழ்

இந்தக் காலத்தின் ஈரத்தை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் முன்னால் உணர்வது தோல். ஒரு கனமீட்டர் காற்று 30 டிகிரியில் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம் மட்டுமே. அடைமழையில் காற்று தன் கொள்ளளவை எட்டி நிற்கிறது. இனி அது யாரிடமிருந்து ஈரத்தை வாங்கும்? சித்திரையில் ஒரு நாளில் காயும் தோல் ஐப்பசியில் நாட்கணக்கில் நனைந்த துணிபோலத் தொங்கும்.

பறை அடிப்பவர் மழைக்காலத்தில் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். தோல் என்பது கொலாஜன் என்னும் புரத இழைகளின் பின்னல். இழைகள் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்தால் இழுவிசை குறையும்; இழுவிசை குறைந்தால் அதிர்வெண் தாழும்; பறை தொம்மென்று ஒலிக்கும். சூடு காட்டினால் ஈரம் வெளியேறி இழைகள் இறுகும். பழைய கணீர் திரும்பும்.

இதைச் சங்ககாலத்தாரும் கவனித்திருக்கிறார்கள். பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை கூதிர்க் குளிரை விரிவாகப் பாடுவது. நக்கீரர் இயற்றியது. அதில் கோவலர் நெருப்பில் கை காய்ச்சுகிறார்கள். ஆடல் மகளிர், குளிரால் குரல் மாறிப்போன யாழ் நரம்பைத் தம் உடற்சூட்டில் தடவிச் சுருதி சேர்க்கிறார்கள். கவிதைக்காகச் சொன்னது என்று நினைத்திருந்தேன். இழுவிசையும் அதிர்வெண்ணும் பற்றிய பாடத்தைப் பலமுறை நடத்திய பிறகுதான், அது கண்ணால் கண்டு எழுதியது என்று புரிந்தது.

கம்பளியைப் பற்றி ஒரு சொல். கம்பளி சூடு தருவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடலே ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. பழைய குண்டு மின்விளக்கு ஒன்றுக்குச் சமம். கம்பளி தன் இழைகளுக்கிடையே காற்றைச் சிறைப்படுத்தி அந்த வெப்பத்தைப் போகவிடாமல் தடுக்கிறது. நனைந்தால் காற்றிருந்த இடத்தில் நீர் நுழையும். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பம் கடத்துவது. கூதிரின் சுகம் எல்லாம் உலர்ந்த கம்பளியும் ஒழுகாத கூரையும் உடையவர்களுக்கே. 2021 நவம்பர் மழையில் பேர்ணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து ஒன்பது பேர் இறந்தனர். மழையை இரசித்து எழுதும்போது அந்தச் சுவரும் நினைவில் இருக்கவேண்டும்.

மண்வாசனையும் மற்றொரு வாசனையும்

இனி மூக்குக்கு வருவோம். காய்ந்த மண்ணில் முதல் துளிகள் விழும்போது எழும் மணத்தை 1964-இல் ஆஸ்திரேலிய அறிவியலார் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்டு தாமஸ் இருவரும் ஆராய்ந்து, அதற்குப் 'பெட்ரிகோர்' என்று பெயரிட்டனர். வறண்ட நாட்களில் செடிகள் வெளியிட்டு மண்ணும் பாறையும் ஈர்த்து வைத்திருக்கும் எண்ணெய்கள் அதில் ஒரு பங்கு. மண்வாழ் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் இன்னொரு பங்கு. ஒரு இலட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு இதனைக் கண்டுகொள்ளும். துளி விழும்போது மண்ணின் நுண்துளைகளில் உள்ள காற்று சிறு குமிழிகளாகச் சிக்கி, சோடாப் பாட்டிலில் பொங்குவதுபோல் மேலெழுந்து வெடித்து மணத்தைக் காற்றில் தெளிக்கின்றது. உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில் இந்த மண்மணத்தையே அத்தராக வடித்து விற்கிறார்கள்.

ஆனால் எங்கள் ஊரில் மண்வாசனை தனியாக வராது. கூடவே தோல் ஷாப்பின் வாசனையும் வரும். வேலூர் வட்டாரத்தில் பதனிடும் தொழிற்சாலையைத் தோல் ஷாப்பு என்றே சொல்வோம். முன்னாளில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறிய துவர்ப்பு மணம். பிறகு குரோமியம் உப்பு வந்தது. தோலிலிருந்து உரோமத்தை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்ப்பர். அந்தக் கழிவுநீரில் அமிலம் கலந்தால் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு பிறக்கும். கோடை நண்பகலில் தரைக் காற்று ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரம்வரை எழும்பிக் கலந்துவிடுவதால் நாற்றம் நீர்த்துப்போகிறது. கூதிர் இரவில், மேலே சொன்ன தலைகீழ் அடுக்கு மூடிபோட்ட சட்டியாக அதைச் சில நூறு மீட்டருக்குள் தேக்கிவைக்கிறது. அந்த வாயு காற்றைவிடக் கனம், அதனால்தான் கீழே தங்குகிறது என்று சிலர் விளக்குவர். தொட்டிக்குள்ளும் குழிக்குள்ளும் அது உண்மை. ஊர்க்காற்றில் கலந்த சிறு அளவுக்குப் பொருந்தாது. இங்கு குற்றவாளி மூடிதான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வாயு பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போது மூக்கு கண்டுபிடித்துவிடும். நூறு பங்கை எட்டினால் மூக்கே மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பிக் கழிவுத் தொட்டிக்குள் இறங்கி உயிர்விட்டவர் உண்டு.

வாசனைக்கும் நினைவுக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. கண், காது ஆகியவற்றின் செய்திகள் மூளையில் தலாமஸ் என்னும் பகுதி வழியாகவே செல்லும். மூக்கின் செய்தி மட்டும் அந்தச் சுற்றுவழியின்றி, உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளை விரைந்து சேர்கிறது. ஊர் ஏக்கத்தை 1688-இல் ஜோகன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவர் ஒரு நோயாகவே கருதிப் பெயர் வைத்தார். நான் வெளியூரில் முதுகலை படித்தபோது, மழை வந்தால் எதையோ தேடுவேன். மண்வாசனை அங்கும் இருந்தது. இல்லாதது தோல் ஷாப்பு நாற்றம்! சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எனக்கு அது ஆயாவின் மடி. ஆற்றுக்கு அது நஞ்சு. இரண்டும் ஒரே மூலக்கூறு.

ஆற்றின் கணக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டைத் தோல் கழிவுகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் உறுதிபெற்ற தீர்ப்புகளுள் அது ஒன்று. 2025 ஜனவரியிலும் அதே ஆற்றுக்காக அதே நீதிமன்றம் மீண்டும் பேசவேண்டியிருந்தது. தோலை நம்பி வாழும் குடும்பங்கள் இங்கு ஏராளம். தொழிலை மூடுவது எளிய விடை அன்று.

சிக்கலின் பெரும்பகுதி சாதாரணச் சமையலுப்பு. பச்சைத்தோல் அழுகாதிருக்க உப்பிடுகிறார்கள். ஊறவைக்கும்போது அவ்வளவும் நீரில் கரைகிறது. குரோமியத்தை வீழ்படிவாக்கிப் பிரித்துவிடலாம், உப்பு வீழ்படியாது. நீரை ஆவியாக்கித்தான் பிரிக்கவேண்டும். கொதிநிலையில் ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க 2260 கிலோஜூல் ஆற்றல் தேவை. பாத்தி கட்டி வெயிலில் விடலாமென்றால், ஐப்பசியில் காற்று ஈரத்தை வாங்க மறுக்கிறது. தோலைக் காயவிடாத அதே காற்று.

2021 நவம்பரில் பாலாறு பல ஆண்டுகளுக்குப் பின் இரு கரை தொட்டு ஓடியது. பாலத்தின் மேல் ஊரே நின்றது. முதியவர்கள் ஊற்று தோண்டிக் குடித்த நாட்களைப் பேசினார்கள். சிறுவர்களோ தங்கள் ஆற்றில் தண்ணீரை முதன்முறையாகப் பார்ப்பவர்கள். என் மாணவி ஒருத்தி ஒரு பாட்டிலில் ஆற்று நீரையும் இன்னொன்றில் தன் வீட்டுக் கிணற்று நீரையும் கொண்டுவந்தாள். கரைந்த உப்பு மிகுந்தால் நீரின் மின்கடத்தல் மிகும். ஆய்வகத்தில் அதை அளந்தோம். ஆற்று நீருக்கு முள் சற்றே அசைந்தது. கிணற்று நீருக்கு நெடுந்தூரம் ஏறி நின்றது.

பங்குனியில் அவள் மறுபடி ஆற்றுக்குப் போனாள். நடுவில் மணல்தான். ஒரு குழியில் தேங்கியிருந்ததை எடுத்து வந்தாள். முள், அன்று ஆற்று நீர் காட்டியதற்கும் கிணற்று நீர் காட்டியதற்கும் நடுவில் ஓரிடத்தில் நின்றது. பதிவேட்டில் தேதியிட்டு எழுதிவைத்திருக்கிறோம்.