வெயிலும் ஆளைக் கொல்லும்

'வெயில் நமக்குப் புதுசா என்ன? சித்திரை வந்தால் காயத்தான் செய்யும்' என்பார் என் மாமியார். வாஸ்தவம்தான். ஆனால் இப்போது அடிப்பது பழைய வெயில் இல்லை. நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்து கிளம்பும் கரியமில வாயு, பூமியைக் கம்பளி போர்த்தினாற்போல் சூடாக்கி வருகிறது. குளிர் தேசமான கனடாவிலேயே, 2021 ஜூனில் லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி செல்சியஸ் காய்ந்தது. மறுநாளே ஊரில் பெரும்பகுதி தீக்கு இரையாயிற்று.

2003 ஆகஸ்டில் பிரான்சில் ஏறக்குறைய 15,000 பேர் வெயிலுக்குப் பலியானார்கள். பெரும்பாலோர் வயதானவர்கள், துணைக்கு ஆளில்லாமல் இருந்தவர்கள் அதில் அநேகம். அதன்பின் அங்கே, தனியாக வசிக்கும் முதியோரின் பெயரைப் பதிந்து வைத்துக்கொண்டு, வெயில் உக்கிரமானால் போன் செய்து விசாரிக்கிறார்கள்.

நம் ஆமதாபாத்தில் 2010 மே மாதம் 46.8 டிகிரி. அந்த மாதம் வழக்கத்தைவிடச் சுமார் 1,300 பேர் அதிகம் இறந்தார்கள். அங்கே ஒரு மருத்துவமனையில் பிரசவ வார்டு உச்சி மாடியில் இருந்தது. பச்சைக் குழந்தைகளுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. வார்டைக் கீழே மாற்றினார்கள். அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. பெரிய செலவில்லை பாருங்கள்! 2013-ல் அந்த மாநகராட்சி, வெயிலைச் சமாளிக்க முன்கூட்டியே எச்சரிக்கும் திட்டமும் போட்டது.

நாமும் செய்யலாமே? மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். கீழே உள்ள அறையில் சூடு குறையும். குழந்தையை மாடி அறையில் தூங்க வைக்காதீர்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலையே அடிக்கடி கொடுங்கள். தாய்தான் நிறையத் தண்ணீர், மோர், கஞ்சி குடிக்க வேண்டும். அடுப்பு வேலையைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள்.

உடம்பு நெருப்பாய்ச் சுட்டு, பேச்சுக் குழறினால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. உடனே 108-க்குச் சொல்லுங்கள். வண்டி வரும்வரை நிழலில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் தண்ணீரால் நனைத்து விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

எங்கள் தெருக்கோடியில், தகரக் கூரையின் கீழ் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். கோடையில் தினமும் பதினொரு மணிக்கு அவரை எங்கள் வீட்டுத் திண்ணைக்கு அழைத்து வந்துவிடுகிறேன். வெயில் தணிந்ததும் போவார். ஒரு செம்பு மோர்தான் செலவு. உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் இருப்பார். இன்றைக்கே போய்ப் பாருங்கள்.