பட்டத்துக்குப் பின் – 9: சிமென்ட் ஆலைகளின் நடுவே ஒரு கணக்குப் படிப்பு

வணிகவியல் பட்டம் பெற்று வேலை தேடுபவருக்கு மேற்படிப்பின் செலவு கட்டணத்தோடு முடிவதில்லை. படிக்கும் மாதங்களில் வராமல் போகும் சம்பளமும் செலவுதான். பல வீடுகளில் அதுவே பெரிய செலவு. மாதம் 10,000 ரூபாய் கிடைக்கக்கூடிய வேலையை விட்டு இரண்டு ஆண்டு முழுநேரப் படிப்பில் சேர்பவர், கட்டணமே இல்லாவிட்டாலும் 2,40,000 ரூபாயைக் கொடுத்துப் படிக்கிறார். இந்தக் கணக்கைப் போட்ட பிறகே எந்தப் படிப்பு மலிவானது என்று சொல்ல முடியும்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பி.காம். முடிப்பவர்களில் பலர் அரியலூர் அரசு கலைக் கல்லூரி, குரும்பலூர், வேப்பூர் அரசுக் கல்லூரிகள் போன்ற இடங்களில் படித்து, திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பட்டத்தோடு வெளியே வருகிறார்கள். அடுத்து என்ன என்ற கேள்விக்கு முதலில் வரும் பதில் எம்.காம். அரசுக் கல்லூரியில் அதற்கான கட்டணம் குறைவு. ஆசிரியர் பணியை நோக்கமாகக் கொண்டவர்களுக்கு அது தேவையும்கூட: மேல்நிலைப் பள்ளியின் வணிகவியல் ஆசிரியர் பணிக்கு எம்.காமுடன் பி.எட். வேண்டும், கல்லூரிப் பணிக்கு நெட், செட் தேர்ச்சி அல்லது முனைவர் பட்டம் வேண்டும். ஆனால் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை தேடுபவருக்கு, பி.காம். தராத எதையும் எம்.காம். பெரிதாகத் தந்துவிடாது. வேலை கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று அதில் சேர்வது, வேலையை இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போடுவதுதான். கையில் எம்.காம். இருந்தால் நல்லது என்று நினைப்பவர்கள் தொலைநிலைக் கல்வியில் படித்துக்கொண்டே வேலைக்குப் போகலாம். சேரும் ஆண்டுக்கு அந்தப் படிப்பிற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தந்திருக்கிறதா என்பதை அதன் இணையதளத்தில் பார்த்துவிட்டே பணம் கட்ட வேண்டும்.

சி.ஏ. படிப்புக்கு லட்சக்கணக்கில் பணம் வேண்டும் என்ற எண்ணம் கிராமங்களில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பட்டயக் கணக்காளர் நிறுவனம் வாங்கும் கட்டணம் அப்படிப்பட்டதல்ல. இடைநிலையான இன்டர் பதிவுக்குச் சுமார் 18,000 ரூபாய், இறுதிநிலையான ஃபைனலுக்குச் சுமார் 22,000 ரூபாய். கட்டாயப் பயிற்சி வகுப்புகளும் தேர்வுக் கட்டணமும் தனி. லட்சங்களைக் கேட்பவை தனியார் பயிற்சி மையங்கள். நிறுவனமே பாடப் புத்தகங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கட்டணமில்லா நேரலை வகுப்புகளும் நடத்துகிறது. பி.காமில் 55 சதவீதம் பெற்றவர்கள் முதல்நிலைத் தேர்வான ஃபவுண்டேஷனை எழுதாமலே இன்டரில் சேரலாம். 2023இல் வந்த புதிய திட்டத்தில், ஆடிட்டரிடம் பெறும் கட்டாயப் பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்துள்ளது.

வேலை தேடுபவர் இந்தத் திட்டத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்டரின் இரண்டு குரூப்பையும் முடித்த பிறகே ஆர்ட்டிகிள்ஷிப் தொடங்கும். ஆகவே ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து வரும் உதவித்தொகையை நம்பி முதல் ஆண்டைத் திட்டமிட முடியாது; அதுவரை வேறு வேலையில் இருந்துகொண்டு படிக்கலாம். தொடங்கிய பிறகு இரண்டு ஆண்டுகள் வேறு வேலை பார்க்க முடியாது. அந்த உதவித்தொகை ஒரு குடும்பத்தைத் தாங்கும் அளவுக்கு இருப்பதில்லை. வீட்டில் வேறு வருமானம் இல்லாதவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளுக்கான பணத்தை முன்பே சேமித்தாக வேண்டும்.

இவ்விரு மாவட்டங்களுக்கு மிகப் பொருத்தமாக இருந்தும் அதிகம் பேசப்படாதது, செலவு மற்றும் மேலாண்மைக் கணக்கியல் படிப்பான சி.எம்.ஏ. முன்பு ஐ.சி.டபிள்யூ.ஏ. என்று அறியப்பட்டது இதுதான். அரியலூரின் மண்ணுக்கடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல் அதைச் சிமென்ட் மாவட்டமாக்கியது. அரியலூரில் அரசின் டான்செம், ரெட்டிப்பாளையத்தில் அல்ட்ராடெக், கோவிந்தபுரத்திலும் ஆலத்தியூரிலும் ராம்கோ, கீழப்பழுவூரில் செட்டிநாடு, தளவாயில் இந்தியா சிமென்ட்ஸ் என்று ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. பெரம்பலூர்ப் பக்கம் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் தொழிற்சாலை, எறையூரில் பொதுத்துறைச் சர்க்கரை ஆலை. சிமென்ட், டயர், சர்க்கரை மூன்றும் 2014ஆம் ஆண்டின் செலவுப் பதிவேடு, தணிக்கை விதிகளின் பட்டியலில் இருக்கின்றன. ஆண்டு விற்றுவரவு 35 கோடி ரூபாயைத் தொட்ட நிறுவனம் இந்தப் பொருள்களுக்குச் செலவுப் பதிவேடு வைத்தாக வேண்டும். விற்றுவரவு அதைவிட உயர்ந்த வரம்புகளைத் தாண்டினால் செலவுத் தணிக்கையும் கட்டாயம். அந்தத் தணிக்கையில் கையெழுத்திடும் உரிமை தொழில் நடத்தும் சி.எம்.ஏ.வுக்கு மட்டுமே.

செலவுக் கணக்கு என்பது என்ன வேலை என்று ஒரு சிமென்ட் ஆலையை வைத்துப் புரிந்துகொள்ளலாம். சுரங்கத்தில் வெட்டியெடுக்கும் கல்லுக்கு ஒரு டன்னுக்கு எவ்வளவு, சூளையில் எரியும் நிலக்கரி எவ்வளவு, சூளையிலிருந்து வரும் கிளிங்கரை அரைக்க மின்சாரம் எவ்வளவு, சாக்கு எவ்வளவு, லாரி வாடகை எவ்வளவு, சூளை பழுதாகி நின்ற நாள்களின் செலவை எந்தக் கணக்கில் ஏற்றுவது என்று பிரித்துப் பார்த்து, ஒரு மூட்டையின் அடக்கவிலையைச் சொல்வது அந்த வேலை. ஆலையைச் சுற்றி வளர்ந்த பிள்ளைகளுக்குக் கிளிங்கர் என்ற சொல்லை யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பாடப் புத்தகத்தில் வெறும் எண்ணாக இருப்பது அவர்களுக்கு நேரில் கண்ட பொருள். இந்த அனுகூலத்தை இம்மாவட்டக் கல்லூரிகள் பயன்படுத்திக்கொள்ளாதது வருத்தத்துக்குரியது.

பட்டதாரிகள் எந்தப் பாடம் படித்திருந்தாலும் சி.எம்.ஏ. இன்டரில் நேராகச் சேரலாம். இன்டருக்குச் சுமார் 23,000, ஃபைனலுக்குச் சுமார் 25,000 ரூபாய் கட்டணம். தலா எட்டுத் தாள்கள். ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு. திருச்சியில் கிளை இருக்கிறது. பதினைந்து மாதப் பயிற்சியை, ஏற்கத்தக்க கணக்குப் பணி ஒன்றில் சம்பளம் வாங்கிக்கொண்டே நிறைவு செய்யலாம். முதலில் சொன்ன கணக்கின்படி பார்த்தால் சி.ஏ.வைவிட இது மலிவாக முடிவதற்குக் காரணம் இதுவே. ஆனால் சுலபமான படிப்பு அல்ல: ஒவ்வொரு தாளிலும் 40, குரூப்பின் மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும், பலருக்கு ஒரு அட்டெம்ப்ட்டில் முடிவதில்லை. உள்ளூர் ஆலையின் கணக்குப் பிரிவில் இடங்களும் சிலவே. சென்னைக்கோ வேறு மாநில ஆலைக்கோ போகத் தயாராக இருக்க வேண்டும்.

சி.எம்.ஏ. என்ற இதே பெயரில் அமெரிக்கச் சான்றிதழ் ஒன்றும் இருக்கிறது. அதற்கும், லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஏ.சி.சி.ஏ.வுக்கும் இப்போது விளம்பரம் அதிகம். வெளிநாட்டு நிறுவனங்களின் பணிகளைச் செய்துதரும் சென்னை, பெங்களூரு அலுவலகங்களில் அவற்றுக்கு மதிப்பு உண்டு. ஆனால் கட்டணம் டாலரிலும் பவுண்டிலும். இந்திய நிறுவனச் சட்டப்படியான தணிக்கையில் கையெழுத்திடும் உரிமையை இரண்டுமே தருவதில்லை. கடன் வாங்கிச் சேர வேண்டிய நிலையில் இருப்பவர்கள் இவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

ஓரிரு மாதத்தில் சம்பளம் வேண்டும் என்பவருக்கு கணக்கு மென்பொருளான டேலியும் ஜி.எஸ்.டி.யும் போதும். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நடைமுறையில் இருக்கிறது; மாதக் கணக்குத் தாக்கல் செய்யும் வணிகருக்கு ஒவ்வொரு மாதமும் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் கெடு நாள்கள். சின்ன வெங்காயம், பருத்தி, மக்காச்சோளம் வாங்கி விற்கும் மண்டிகளும், சிமென்ட் ஏற்றும் லாரிக்காரர்களும், கடைவீதிகளும் பில், ஈ-வே பில், ரிட்டர்ன் என்று ஆள் தேடுகின்றன. இதற்குப் பெரிய கட்டணம் கொடுத்து ஆறு மாத டிப்ளமோ வாங்க வேண்டியதில்லை. முன்னோடி வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களின் பயிற்சிப் பட்டியலில் கணினிவழிக் கணக்கியலும் உண்டு, பயிற்சி இலவசம். பெரம்பலூரில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் நிலையம் இருக்கிறது. அடுத்த தொகுதி எப்போது என்று அங்கே கேட்டுக்கொள்ளலாம். அதன்பின் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஆறு மாதம் உட்கார்ந்து கற்பதற்கு ஈடான வகுப்பு எதுவும் இல்லை.

கூட்டுறவு மேலாண்மைப் பட்டயப் பயிற்சி இன்னொரு நல்ல வழி. ஓராண்டு, கட்டணம் சுமார் 20,000 ரூபாய். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களின் உதவியாளர், மத்தியக் கூட்டுறவு வங்கி எழுத்தர் போன்ற பணிகளுக்குப் பட்டத்தோடு கூட்டுறவுப் பயிற்சியும் கேட்கிறார்கள். பி.காம். கூட்டுறவுப் பிரிவில் படித்தவர்களுக்கு உரிய பாடங்கள் இருந்தால் விலக்கு உண்டு என்பதால், அவர்கள் அறிவிப்பைப் படித்துவிட்டுச் சேர வேண்டும்.

வங்கித் தேர்வுகளுக்கு எந்த மேற்படிப்பும் தேவையில்லை, வயதுதான் தேவை. எழுத்தர் பணிக்குப் பொதுப்பிரிவில் 28, அதிகாரிப் பணிக்கு 30 உச்ச வரம்பு. பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று, பட்டியலினத்தவருக்கு ஐந்து ஆண்டு தளர்வு. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இதற்கான பயிற்சி இலவசம். அதுபோலவே, ஆதிதிராவிடர், பழங்குடியினப் பட்டதாரிகளுக்கு சி.ஏ., சி.எம்.ஏ. இன்டர் பயிற்சியை அரசு நிறுவனமான தாட்கோ கட்டணமின்றி அறிவித்திருப்பது பலரையும் எட்டவில்லை. தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

பயணச் செலவிலும் இரு மாவட்டத்துக்கும் வேறுபாடு உண்டு. அரியலூர் விழுப்புரம்–திருச்சி ரயில் பாதையில் இருப்பதால் சீசன் டிக்கெட்டில் திருச்சி வகுப்புக்குப் போய்வர முடியும். பெரம்பலூர் நகரத்துக்கு ரயில் இல்லை. பேருந்துக் கட்டணத்தைக் கணக்கில் சேர்த்தால் இணைய வகுப்பே மேல்.

கட்டணங்களை நிறுவனங்கள் அவ்வப்போது மாற்றுவதால், பணம் கட்டும் நாளில் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இடைத்தரகரின் சொல்லை நம்பிக் கட்ட வேண்டாம்.